பீங்கான் ஜாடியில் இரண்டு சொற்கள்



மாங்காய் சீசன் வந்துவிட்டால் பரணிலிருந்து முதலில் இறங்குவது எது? மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக இருக்கும் அந்த ஊறுகாய் ஜாடிதானே! கழுவி, வெயிலில் காயவைத்து, மாங்காயும் உப்பும் போட்டு, வாயில் வெள்ளைத் துணி கட்டிவிட்டால் வருஷம் முழுக்கக் கவலையில்லை. உப்பும் புளிப்பும் அலுமினியத்தை அரித்துவிடும். பீங்கானின் வழவழப்பான மேல்பூச்சிடம் அவற்றின் வேலை நடக்காது.

‘பீங்கான் ஜாடி’ என்ற இந்த இரண்டு சொற்களில் எது தமிழ், எது வெளியிலிருந்து வந்தது? ‘ஜாடி’ ஆங்கில ‘ஜார்’ மாதிரி ஒலிக்கிறது, ‘பீங்கான்’ நம் ஊர்ச் சொல் மாதிரி இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விஷயம் தலைகீழ். ‘சாடி’ சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையிலேயே இருக்கிறது. அந்தச் சாடியில் மதுவை விளைய வைத்திருக்கிறார்கள்! ஆங்கில ‘ஜார்’, அரபியின் ‘ஜர்ரா’ வழியாக வந்த வேறு சொல்.

பீங்கான்தான் விருந்தாளி. பாரசீக மொழியில் ‘பிங்கான்’ என்றால் கிண்ணம். அரபு வீடுகளில் காபி குடிக்கும் சின்னக் கோப்பை ‘ஃபின்ஜான்’. மலாயில் ‘பிங்கான்’, சிங்களத்தில் ‘பிங்கான’ இரண்டுமே தட்டு. மலையாளிக்குப் ‘பிஞ்ஞாணம்’. யாழ்ப்பாணத்தில் சோறு போட்டுச் சாப்பிடும் தட்டே பீங்கான்தான். கப்பல் போன கரையெல்லாம் இந்தச் சொல்லும் இறங்கியிருக்கிறது. சரக்கு என்னவோ சீனத்துடையது. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் தோண்டியபோதுகூடச் சீனப் பாண்ட ஓடுகள் கிடைத்தன.

அங்கிருந்து விருத்தாசலம் அதிக தூரமில்லை. கப்பலில் வந்து இறங்கிய பொருளை நம் மண்ணிலேயே செய்கிற ஊர். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைத்த வெள்ளைக் களிமண்தான் இந்தத் தொழிலுக்குப் பலம். பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. தொழிலைச் சொல்லித்தர அரசுப் பயிலகமும் இருக்கிறது. கொலு பொம்மை, அகல் விளக்கு என்று எத்தனையோ இங்கே சூளை ஏறுகின்றன. உங்கள் வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாக இருக்கிறதே ஃப்யூஸ் கேரியர், அதுகூட இந்த ஊர்ச் சரக்காக இருக்கலாம். கரன்ட் கட்டானதும் அதைத்தானே முதலில் பிடுங்கிப் பார்க்கிறோம்?

சீன மொழியில் ‘காவ்லிங்’ என்றால் உயர்ந்த குன்று. அப்படிப் பெயர் கொண்ட ஒரு சீனக் குன்றுதான் பீங்கான் மண்ணுக்குக் ‘கயோலின்’ என்ற பெயரைத் தந்தது. விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். இரண்டு குன்றுகள், ஒரே வெள்ளை மண்!

இப்போது கடைகளில் எல்லாமே ‘செராமிக்’. பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். அடுத்த முறை கப் வாங்கப் போகும்போது, “பீங்கான் கப் இருக்கா?” என்று கேளுங்களேன். அப்படியே, அது விருத்தாசலத்துச் சரக்கா என்றும் ஒரு வார்த்தை.

அன்புடன்,
ஆசிரியர்