'டிவியே இல்லையே, எதுக்கு லைசென்ஸ்?' - பிரிட்டன் போன பிள்ளைகளுக்கு வரும் கடிதம்: யார் கட்டணும், யார் கட்ட வேண்டாம்?

படிப்புக்கோ வேலைக்கோ பிரிட்டன் போய், வாடகை வீட்டில் குடியேறிய சில வாரங்களிலேயே கதவு இடுக்கு வழியாக ஒரு கடிதம் வந்து விழும். பெரும்பாலும் அதில் பெயர் இருக்காது. 'சட்டப்படி இங்கே குடியிருப்பவருக்கு' என்று மட்டும் இருக்கும். இந்த முகவரிக்கு டிவி லைசென்ஸ் இல்லை, விசாரிக்க ஆள் வரலாம், கோர்ட்டுக்குப் போக நேரலாம், அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம் என்று உள்ளே எழுதியிருக்கும்.

அதைப் போட்டோ எடுத்து, சிவகாசியிலோ விருதுநகரிலோ இருக்கும் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன பதில் வரும்? "டிவி பாக்க லைசென்ஸா? யாரோ ஏமாத்துறாங்க, கிழிச்சுப் போடு" என்பார் ஒருவர். "ஊர் விட்டு ஊர் போன இடத்துல எதுக்கு வம்பு, கேட்ட காச கட்டிடு" என்பார் இன்னொருவர்.

முதல் பதிலைக் கேட்டால் கோர்ட் வழக்கு வரலாம். இரண்டாவதைக் கேட்டால் தேவையே இல்லாமல் பணம் போகலாம். சரியான பதில், அந்த வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நம்ம ஊரில் லைசென்ஸ் இருந்ததா?

இருந்தது. இந்தியாவில் ரேடியோ வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. 1970களில் ரேடியோவுக்கு ஆண்டுக்கு 15 ரூபாய், டிவிக்கு 50 ரூபாய். புத்தகத்தைச் சோதிக்க இன்ஸ்பெக்டரும் வருவார். 1980களின் நடுவில் அரசு இந்த முறையையே கைவிட்டது.

தென் மாவட்டங்களில் டிவி பரவலானது கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்த 1980களின் பிற்பகுதியில்தான். அதாவது லைசென்ஸ் போன பிறகுதான் விருதுநகர் பக்கம் பெரும்பாலான வீடுகளுக்கு டிவியே வந்தது. தாத்தா காலத்து ஆட்களுக்கு ரேடியோ லைசென்ஸ் நினைவிருக்கலாம். டிவி லைசென்ஸைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு.

இன்று வெளிநாடு போகும் தலைமுறைக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. 2006-க்குப் பிறகு அரசே வீடு வீடாக இலவச கலர் டிவி கொடுத்த காலத்தில் வளர்ந்தவர்கள் இவர்கள். டிவியை இலவசமாகக் கொடுத்த ஊரில் இருந்து, டிவி பார்க்கப் பணம் கேட்கும் ஊருக்குப் போகும்போது குழப்பம் வரத்தான் செய்யும்.

பிரிட்டனில் எவ்வளவு? எதற்கு?

2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்தது. நம்ம பணத்தில் தோராயமாக 20 ஆயிரம் ரூபாய். மாதத் தவணையாகவும் கட்டலாம். இந்தப் பணம்தான் பிபிசியின் முக்கிய வருமானம்.

இதில் குடியுரிமை பார்ப்பதில்லை, முகவரிதான் கணக்கு. மாணவர் விசாவில் இருந்தாலும், வேலை விசாவில் இருந்தாலும், பிரிட்டிஷ் குடிமகனாகவே இருந்தாலும் விதி ஒன்றுதான்.

"நாங்க பிபிசியே பாக்குறதில்ல" - இது செல்லுமா?

செல்லாது. தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தவறும் இடம் இதுதான். லைசென்ஸ் தேவைப்படுவது இரண்டு விஷயங்களுக்கு.

ஒன்று, எந்த டிவி சேனலையும் ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்ப்பது அல்லது பதிவு செய்வது. சேனல் பிரிட்டனுடையதாக இருக்க வேண்டும் என்றில்லை. சென்னையில் இருந்து வரும் தமிழ்ச் சேனலும் இதில் சேரும். கருவியும் முக்கியமில்லை. டிவி பெட்டி, லேப்டாப், டேப்லெட், செல்போன் எல்லாம் ஒன்றுதான்.

இரண்டு, பிபிசி ஐபிளேயரைப் பயன்படுத்துவது. 2016 செப்டம்பர் 1 முதல், அதில் பழைய நிகழ்ச்சியைப் பார்த்தாலும் லைசென்ஸ் வேண்டும்.

தீபாவளி காலையை எடுத்துக்கொள்வோம். இங்கே பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில் பட்டிமன்றம் ஓடுகிறது. அதே நேரத்தில் லண்டனில் இருக்கும் பெண், அந்தச் சேனலின் நேரலையை ஆப்பில் போட்டுப் பார்த்தால் லைசென்ஸ் தேவை. அதே பட்டிமன்றத்தை மறுநாள் யூடியூபில் ஏற்றிய பிறகு பார்த்தால் தேவையில்லை. நிகழ்ச்சி ஒன்றுதான், பார்க்கும் நேரம்தான் வேறு.

கிரிக்கெட்டுக்கும் இதே கதைதான். நேரலையில் பார்த்தால் லைசென்ஸ் தேவை. முடிந்த பிறகு யூடியூபில் ஹைலைட்ஸ் மட்டும் பார்த்தால் தேவையில்லை. செய்திச் சேனலின் நேரலை யூடியூப் வழியாக வந்தாலும் அது நேரலைதான். நெட்ஃபிளிக்ஸில் சினிமா, பழைய சீரியல், டிவிடி, வீடியோ கேம் இவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம். டிவி பெட்டி வைத்திருப்பது மட்டுமே குற்றமில்லை. கேம் விளையாட மட்டும் டிவி வைத்திருந்தால் பணம் கட்டத் தேவையில்லை.

நாலு பேர் சேர்ந்து தங்கியிருந்தால்?

எல்லாரும் சேர்ந்து ஒரே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், பொதுவாக வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் போதும். செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு அறைக்கும் தனி ஒப்பந்தம் என்றால், தன் அறையில் நேரலை பார்ப்பவர் தனியாக எடுக்க வேண்டும். பல்கலைக்கழக விடுதி அறைக்கும் அப்படித்தான். படிப்பு முடிந்து பாதியில் ஊர் திரும்பினால், மீதமிருக்கும் முழு மாதங்களுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இது தெரியாமல் விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு.

கதவைத் தட்டுபவர் யார்?

லைசென்ஸ் வேலையை பிபிசி சார்பில் செய்வது கேப்பிட்டா என்ற தனியார் நிறுவனம். வீட்டுக்கு வருபவர் அந்த நிறுவனத்தின் விசாரணை அலுவலர். அவர் போலீஸ் இல்லை. விசாவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

அவரிடம் அடையாள அட்டை கேட்கலாம். வீட்டுக்குள் விட வேண்டிய கட்டாயம் இல்லை. போகச் சொன்னால் அவர் போக வேண்டும். கோர்ட் கொடுத்த சோதனை வாரண்ட் இருந்தால் மட்டுமே கதை வேறு. அப்போது தடுக்கக் கூடாது.

கவனம் தேவைப்படுவது அவர் நீட்டும் படிவத்தில்தான். கேள்வி கேட்டு, பதிலை எழுதி, கீழே கையெழுத்து கேட்பார். வழக்கு வந்தால் அந்த வாக்குமூலம்தான் முக்கிய சாட்சி. ஆங்கிலம் முழுதாகப் புரியாமல், "சும்மா ஒரு சைன்தானே" என்று போடுவது ஆபத்து. அதற்காகப் பொய் சொல்லவும் கூடாது. புரியாததில் கையெழுத்துப் போடாமல் இருப்பது உரிமை.

பெண்கள் ஏன் அதிகம் மாட்டுகிறார்கள்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தக் குற்றத்துக்குத் தண்டிக்கப்படுபவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். ஆட்கள் வரும் நேரத்தில் வீட்டில் இருந்து கதவைத் திறப்பவர்கள் அவர்களாக இருப்பதே இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. லைசென்ஸ் வீட்டு முகவரிக்குத்தான், ஆனால் வழக்கு தனி நபர் மீது. கணவர் வேலைக்குப் போன நேரத்தில் வீட்டில் இருக்கும் மனைவி பேரில் வழக்கு பதிவாகலாம். சார்பு விசாவில் போன பெண்களுக்கு இந்த விதிகளை முதலிலேயே சொல்லி வைப்பது அவசியம்.

கடிதத்தைக் கண்டுக்காமல் விட்டால்?

லைசென்ஸ் வேண்டிய நிலையில் எடுக்காமல் இருப்பது, 2003-ஆம் ஆண்டு தகவல் தொடர்புச் சட்டப்படி கிரிமினல் குற்றம். இந்தக் குற்றத்துக்கு நேரடியாக ஜெயில் கிடையாது, அபராதம்தான். விதித்த அபராதத்தை வேண்டுமென்றே கட்டாமல் இருந்தால் சிக்கல் பெரிதாகும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான வழக்குகள் ஒரே நீதிபதி, கோர்ட் அறையில் விசாரணை இல்லாமல், காகிதத்தைப் பார்த்தே முடிக்கும் நடைமுறையில் போகின்றன. அதற்கான நோட்டீஸ் தபாலில் வரும். பதில் சொல்ல 21 நாள். பதில் போகாவிட்டால், ஆள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும். விளம்பரக் கடிதம் என்று நினைத்துக் கவரைப் பிரிக்காமல் குப்பையில் போடுபவர், தான் தண்டிக்கப்பட்டதே தெரியாமல் இருக்கலாம். விசா விண்ணப்பங்களில் தண்டனை விவரம் கேட்கப்படும் என்பதால், வெளிநாட்டவருக்கு இது வெறும் அபராதத்தோடு நிற்கும் விஷயம் இல்லை. கோர்ட் நோட்டீஸ் வந்துவிட்டால் வழக்கறிஞர் அல்லது பல்கலைக்கழக மாணவர் ஆலோசனை மையத்தை அன்றே அணுகுவது நல்லது.

அப்போ என்னதான் செய்யணும்?

நேரலையும் ஐபிளேயரும் பார்ப்பதில்லை என்றால், டிவி லைசென்ஸிங் இணையதளத்தில் 'லைசென்ஸ் தேவையில்லை' என்று அறிவித்துவிடலாம். பணம் கிடையாது. அறிவித்தால் கடிதங்கள் நிற்கும். ஆனால் உண்மையா என்று பார்க்க ஆள் வரலாம், சில காலம் கழித்து மறுபடியும் கேட்கலாம். பார்க்கிறோம் என்றால் லைசென்ஸ் எடுத்துவிடுவதே நிம்மதி.

போலி மின்னஞ்சல்களும் சுற்றுகின்றன. 'பணம் போகவில்லை, உடனே இந்த லிங்கைத் தட்டுங்கள்' என்று வந்தால் தொடக் கூடாது. இணையதள முகவரியை நாமே டைப் செய்து உள்ளே போக வேண்டும்.

மற்ற நாடுகளில்?

பிரிட்டன் விதியை அப்படியே ஜெர்மனிக்குக் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வோம். சிவகாசி அச்சகங்களுக்கு இயந்திரம் அனுப்பும் அந்த நாட்டில், 2013 முதல் கட்டணம் வீட்டுக்குத்தான். டிவி, ரேடியோ எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. குடியேறியதைப் பதிவு செய்ததுமே விவரம் அங்கே போய்விடும். "டிவி இல்ல" என்ற பதில் எடுபடாது. ஊர் திரும்பும்போது கணக்கை முடித்துவிட்டும் வர வேண்டும். சுவிட்சர்லாந்திலும் கட்டணம் வீட்டுக்குத்தான். 2018 மார்ச்சில் அதை ஒழிக்கலாமா என்று மக்களிடமே கேட்டபோது, 71 சதவீதத்துக்கும் மேல் 'வேண்டாம்' என்றார்கள்.

ஜப்பானில் ஒளிபரப்பைப் பெறும் கருவி வைத்திருந்தால் என்எச்கே-யுடன் ஒப்பந்தம் போட வேண்டும். அது அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னது. சிங்கப்பூர் மட்டும் 2011-இல் டிவி லைசென்ஸைக் கைவிட்டுவிட்டது.

பிரிட்டனிலும் இது என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. பிபிசியின் இப்போதைய ராயல் சாசனம் 2027 டிசம்பர் 31-இல் முடிகிறது. அதன் பிறகு பணம் எப்படி வரும் என்ற விவாதம் அங்கே சூடாக நடக்கிறது. அதுவரை இன்றைய விதிதான் சட்டம். அடுத்த முறை அந்தக் கடிதத்தின் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தால், "கிழிச்சுப் போடு" என்பதற்கும் "கட்டிடு" என்பதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "அங்க லைவா எதுவும் பாக்குறியா?"