தீட்டாத கல்

மணிகளின் குணமும் குற்றமும் தமிழர்க்குப் புதியன அல்ல. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை மணிக்கடைத் தெருவை அவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகின்றது. ஆயினும் அங்கே நாம் காண்பன கடைக்கு வந்த கற்கள். நிலத்தினின்றும் எடுத்த கல்லை, அதன் இயற்கைப் பளிங்குருவுக்காகவே பேணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை.

இதனால் நேரும் இழப்புச் சிறிதன்று. 1945ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து ரிச்சர்ட் டாஃபே என்பார் நகைக்கடையொன்றிற் பழைய கற்கள் சில வாங்கினார். அவற்றுள் ஸ்பினல் எனக் கருதப்பட்ட ஒன்று, ஸ்பினலுக்கு மாறாக, ஒளியை இரு கூறாக்கிக் காட்டியது. ஆராய்ந்தபோது அஃது உலகறியாத புதுக் கனியம். 'டாஃபைட்' எனப் பெயர் பெற்றது. அக்கனியம் பின்னர் நம் இலங்கையின் இரத்தினச் சரளையிலும் கிடைத்தது. ஆனால் அந்த முதற்கல் மண்ணுள் எவ்வுருவில் இருந்தது என்பதை இனி எவரும் காணவியலாது. சாணை அதனை என்றோ தேய்த்துவிட்டது. பழுப்பு நிறப் பெரிடோட் என நெடுங்காலம் எண்ணப்பட்ட 'சிங்களைட்' தனிக் கனியமென அறியப்பட்டதும் 1952இலேதான்.

எகலியகொடைச் சுரங்கத்துப் பச்சைக் கல்லொன்றை 1953இற் கண்டெடுத்தவரோ நம் நாட்டவரான ஏக்கநாயக்க. 1961இல் அது 'ஏக்கனைட்' ஆயிற்று. அதிலுள்ள தோரியத்தின் கதிர்வீச்சு, காலப்போக்கில் அக்கல்லின் உள்ளமைப்பையே சிதைத்துவிடுகின்றது! கண்ணுடையார் கையிற் பட்டதால் அக்கல் அறியப்பட்டது.

வாணிகரைக் குறைகூறேன். குழியில் இறங்கினவனுக்குக் கூலி வேண்டும். தீட்டிய கல்லே விரைவில் விலைபோகும். ஆனால், உள்ளே விரிசலோடியதால் தீட்டுவதற்கு உதவாதென ஒதுக்கப்படும் நீலக்கல்லிலும் ஆறு பட்டைகள் செவ்வனே அமைந்திருத்தல் உண்டு. எட்டு முகமும் கூர்மையாக நின்ற ஸ்பினலும் அவ்வாறே. மணிக்கடையார் குற்றமென்று தள்ளுவது ஆசிரியனுக்குக் குற்றமன்று.

ஊர்ப்பெயரிலேயே கல்லைக் கொண்ட கல்முனைக்கு இரத்தினபுரி தொலைவுதான். ஆயினும் பேருவளைச் சீனங்கோட்டை முஸ்லிம் வாணிகர் நமக்கு அயலார் அல்லர். தாம் ஒதுக்கும் கற்களுள் சிலவற்றை, எடுத்த இடமும் ஆண்டும் குறித்து, நம் கரையோரப் பாடசாலைகளுக்கு அவர்கள் வழங்குவார்களாக. இடம் எழுதப்படாத கல் ஆராய்ச்சிக்குப் பாதி பயனே தரும். தோரமல்லியைச் சூடாக்கினால் அது சாம்பலை ஈர்க்கும். அதனை ஒல்லாந்தர் 'சாம்பல் இழுப்பான்' என்றனர். தோரமல்லி என்னும் சொல்லே மேனாட்டில் 'டூர்மலின்' ஆயிற்று என்று வகுப்பிற் கூறிவருகின்றேன். கல்லைக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.