பழசான பலகை வேற, பழசாக்குன பலகை வேற

பட்டணத்துல காபிக் கடை, ஓட்டல், புதுசா கட்டுன வீடுன்னு எங்க போனாலும் இப்ப பலகைப் படம் மாட்டியிருக்காங்க. நாலஞ்சு சொரசொரப்பான பலகையை வரிசையா சேர்த்து அடிச்சு, மேல லேசா வெள்ளையோ நீலமோ பூசி, ஒரு மாடோ கோழியோ சைக்கிளோ வரைஞ்சிருப்பாங்க. ரஸ்டிக்னு பேராம். அதாவது கிராமத்துப் பாணி. கிராமத்துலயே அம்பது வருசத்துக்கு மேல இருக்கிறவன்ங்கிற உரிமையில, இதைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும்னு தோணுது.

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு இந்தப் பலகைப் படம் பிடிக்கும். காரணம் அந்த மரம். அதெல்லாம் பெரும்பாலும் பேலட் கட்டை. கம்பெனியில சரக்கை அடுக்கி, ஃபோர்க்லிஃப்ட்ல தூக்குறதுக்கு அடியில வைக்கிற மரச்சட்டம். வெளிநாட்டுல இருந்து மெசினோட வர்றது அநேகமா பைன் மரம், வெளிர் மஞ்சளா கணு கணுவா இருக்கும். உள்ளூர்ல அடிக்கிறது மலைவேம்பு, ரப்பர், சில்வர் ஓக்குன்னு கிடைக்கிற மரம். நானும் வரப்போரம் மலைவேம்பு வச்சவன்தான். ஆறேழு வருசம் தண்ணி விட்டு, கவாத்து பண்ணி வளர்த்தா, நல்ல தடி பிளைவுட்டுக்குப் போகும். மிச்சம் மரமில்லுல அறுபட்டு பேக்கிங் கட்டையாகும். நாலு நடை சரக்கு சுமந்து ஒரு பலகை விரிசல் விட்டா போதும், மூலையில தூக்கிப் போட்டுடுவாங்க. பெருந்துறை பக்கம் பழைய சாமான் கடையில இதை விறகுக்கு எடை போட்டு விக்கிறாங்க, அப்புறம் நேரா பாய்லருக்குத்தான். அந்தப் பலகையை ஒருத்தர் காப்பாத்திச் செவுத்துல மாட்டுனா, மரம் வச்சவனுக்கு அது சந்தோசம்தானே?

ஆனா கடையில விக்கிறதுல பாதி அப்படி வந்ததில்லைங்க. புது மரத்தை வாங்கி, சங்கிலியால அடிச்சு, ஆணியால குத்தி, ஓரத்தைச் சுரண்டி, சாயம் பூசிப் பழசாக்குறாங்க. வெயிலும் மழையும் செய்யற வேலையை ஒரு மணி நேரத்துல செஞ்சு, அதுக்குக் கூடுதல் காசும் வாங்குறாங்க. பாய்லருக்குப் போற பழைய பலகை ஒரு பக்கம் கிடக்க, நல்ல மரத்தை அடிச்சுப் பழசாக்குறது என்ன நியாயம்?

வாங்கறதை விட நீங்களே செய்யலாம், பெரிய வித்தை இல்லை. ஆனா பலகையைப் பார்த்து எடுக்கணும். கப்பல்ல போயிட்டு வர்ற பேலட்ல கோதுமைக் கதிர் படத்தோட ஒரு முத்திரை இருக்கும். அதுல ஆங்கிலத்துல எச், டி-ன்னு இருந்தா, மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு ஏத்தி 30 நிமிசம் வச்சிருக்காங்கன்னு அர்த்தம். அதை எடுக்கலாம். எம், பி-ன்னு இருந்தா மெத்தில் புரோமைடுங்கிற விஷவாயு போட்டது, விட்டுடுங்க. முத்திரை இல்லாதது உள்ளூர்ச் சரக்கு. எண்ணெய்க் கறை, சாயக் கறை, மருந்து வாசம் இருந்தா தொடாதீங்க. சின்னச் சின்ன ஓட்டையில இருந்து மாவு மாதிரி கொட்டுனா உளுப்பு இருக்குன்னு அர்த்தம். வீட்டுக்குள்ள கொண்டு வந்தா உங்க கட்டிலையும் சேர்த்துத் தின்னும்.

பேலட் ஆணி முறுக்கு ஆணி, பிடுங்குனா பலகைதான் பிளக்கும். ரெண்டு கட்டைக்கும் நடுவுல ஆக்ஸா பிளேடை விட்டு ஆணியை அறுத்துடுங்க. நல்லாத் தேய்ச்சுக் கழுவி, நாலஞ்சு நாள் நிழல்ல காய வைங்க. மேல ஒரு தடவை உப்புத்தாள் போட்டா போதும், வழவழன்னு ஆக்க வேண்டாம். தேய்க்கும்போது மூக்குல துணி கட்டிக்கங்க. பின்னால ரெண்டு குறுக்குச்சட்டம் அடிச்சுச் சேர்த்து, பெயிண்ட்டைத் தண்ணியா ஒரு கை பூசுனா ரேகை தெரியும். பரண்ல கிடக்கிற பழைய பெயிண்ட் டப்பாவை மட்டும் திறக்காதீங்க. வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம் நம்ம நாட்டுல அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். குழந்தை இருக்கிற வீடுன்னா இது முக்கியம்.

இனி படம். என்னோட முக்கியமான குறையே இதுலதான். கறுப்பு வெள்ளைச் சீமை மாடு, சிவப்புப் பெயிண்ட் அடிச்ச வெளிநாட்டுத் தொழுவம், மேல ஆங்கிலத்துல ரெண்டு வார்த்தை. இது எந்தக் கிராமம்? எங்க ஊர்ல போர்டு எழுதற அண்ணன் ஒருத்தர் இருக்கார். மளிகைக் கடை, பால் சொசைட்டி, லாரிக்குப் பின்பக்கம், தேர்தல் சுவர்னு எல்லாம் அவர் கைதான். ஃப்ளக்ஸ் வந்ததுக்கப்புறம் வேலையே இல்லை, இப்ப வெள்ளை அடிக்கப் போறார். அவர்கிட்ட நாலு பேலட் பலகையைக் கொடுத்து ஒரு காங்கேயம் காளை வரைஞ்சு தாங்கன்னு கேட்டேன். உடனே திருப்பிக் கேட்டார், "ஏனுங்க, மயிலையா, செவலையா, காரியா?"

அந்த ஒரு கேள்வி போதும்ங்க. மயிலைக் காளைன்னா திமிலும் கழுத்தும் கருத்து வரும், அது எங்க ஆரம்பிச்சு எங்க வெளுக்கும்னு அவருக்குத் தெரியும். ஸ்டென்சில் வச்சு அடிக்கிறவருக்கு மாடுன்னா மாடு, அவ்வளவுதான்.

அலங்காரத்துக்குத்தானே, எந்த மாடா இருந்தா என்னன்னு நீங்க கேக்கலாம். உங்க சுவர், உங்க இஷ்டம். ஆனா கிராமத்துப் பாணின்னு பேர் வச்சு விக்கிற பொருள்ல கிராமத்து மரமும் இல்லை, கிராமத்து மாடும் இல்லை, கிராமத்துக் கைக்குக் கூலியும் இல்லைன்னா, அந்தப் பேரை எடுத்துடறதுதான் மரியாதை.

உங்க சொந்த ஊர்லயும் இப்படி ஒரு போர்டு எழுதறவர் கண்டிப்பா இருப்பார். அடுத்த தடவை நோம்பிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும்போது நாலு பலகையைக் கொண்டு போய்க் கொடுங்க. உங்க வீட்டுத் தொழுவம், ஊர்க் கிணறு, விளையாண்ட ஆலமரம், எது ஞாபகம் இருக்கோ அதைச் சொல்லி வரையச் சொல்லுங்க. கடையில அந்தப் பலகைக்கு என்ன விலை சொல்லுவாங்களோ அதைப் பேரம் பேசாம அவர் கையில கொடுங்க. மூலையில அவர் பேரையும் எழுதச் சொல்லுங்க. எழுத்து அவருக்கு நல்லாவே வரும்.