அட்வான்ஸ் வீட்டுக்காரர் காசு இல்லீங்க, உங்க காசு

1/
வீட்டைக் காலி பண்ணி, சாவியைக் கொடுத்து மூணு மாசம் ஆச்சு. அட்வான்ஸ் இன்னும் வரல. போன் பண்ணினா ஒரே பதில்: "அடுத்த ஆளு வரட்டும், வாங்கித் தர்றேன்."

தர்மபுரியில் வாடகைக்கு இருந்துட்டு இந்த வாக்கியத்தைக் காதில் வாங்காதவங்க யாராச்சும் இருக்கீங்களா? இந்த த்ரெட் முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
"டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. சொல்றேன்.

வருஷக்கணக்கா பிரஷர் கட்டுக்குள் இருந்தவர் திடீர்னு 170/100-ல் வந்து உட்காருவார். மாத்திரை ஒழுங்கா போடறீங்களான்னு கேட்டா பதில் வராது. கொஞ்சம் பேச்சுக் கொடுத்தா விஷயம் வெளியே வரும். வீடு மாறியிருப்பார். பழைய வீட்டு அட்வான்ஸ் கைக்கு வரல. புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டியாச்சு. அதுக்காக வீட்டம்மா நகை அடகுல இருக்கு. வாடகையும் வட்டியும் நிறுத்த முடியாத செலவு. மாத்திரையை நிறுத்தினா யாரும் வீட்டு வாசலில் வந்து கத்த மாட்டாங்க. அதனால் முதல்ல நிற்பது அதுதான்.

அந்த பிரஷருக்கு நான் மாத்திரை எழுதலாம். அட்வான்ஸை எழுதிக் கொடுக்க முடியாது.

3/
கணக்கைப் பாருங்க. உதாரணத்துக்கு 8,000 ரூபாய் வாடகை, பத்து மாச அட்வான்ஸ். 80,000 ரூபாய். இதை பேங்கில் 6% வட்டிக்குப் போட்டிருந்தா வருஷத்துக்கு 4,800. அஞ்சு வருஷம் குடியிருந்தா தனி வட்டி மட்டும் 24,000.

அதாவது மூணு மாச வாடகைக்குச் சமமான தொகையை வட்டியா விட்டுக்கொடுத்துட்டுத்தான் நீங்க குடியிருந்தீங்க. வீட்டுக்காரருக்கு நீங்க கொடுத்தது வட்டியில்லாக் கடன். கடன் வாங்கினவர் மாடியில், கடன் கொடுத்தவர் கீழே "எப்பங்க தருவீங்க"ன்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு.

4/
இப்போ அந்த வாக்கியத்துக்கு வருவோம்.

அடகுக் கடையில் நகையை வெச்சீங்க. அசலும் வட்டியும் கட்டி மீட்கப் போறீங்க. கடைக்காரர், "அடுத்த ஆளு ஒரு செயின் கொண்டுவந்து வைக்கட்டும்மா, அதை எடுத்து உனக்குத் தர்றேன்"னு சொன்னா என்ன செய்வீங்க? தெருவே கூடிடும்.

அட்வான்ஸும் ஈடுதான். வாடகை பாக்கி வெச்சா, வீட்டை உடைச்சா, அதுக்குப் பாதுகாப்பா கொடுத்து வெச்ச காசு. அந்தக் காரணம் முடிஞ்சதும் ஈடு திரும்பணும். அதை எடுத்து மாடி கட்டினது, மகள் கல்யாணத்துக்குச் செலவு பண்ணினது எல்லாம் வீட்டுக்காரர் எடுத்த முடிவு. அந்த முடிவுக்கு நீங்க ஏன் மூணு மாசம் வட்டி கட்டணும்?

5/
"ஊர் வழக்கம் சார்"னு சொல்வாங்க. வழக்கத்தையும் பார்ப்போம், சட்டத்தையும் பார்ப்போம்.

1960-ஆம் ஆண்டு தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் முன்பணமா எவ்வளவு வாங்கலாம்னு சொன்னது தெரியுமா? ஒரு மாச வாடகை. ஆமாங்க, ஒண்ணே ஒண்ணு.

1996-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஒரு மாசத்துக்கு மேல் வாங்கின முன்பணம் வாடகைதாரருக்குத் திரும்ப வேண்டிய பணம், அது வீட்டுக்காரர் கையில் இருக்கும்போது வாடகைதாரரை "பாக்கி வெச்சவர்"னு சொல்லித் துரத்த முடியாது என்றது.

அந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்திலேயேதான் பத்து மாச அட்வான்ஸ் "வழக்கம்" ஆச்சு. சட்டத்தை மீறி மீறிப் பழகினதுக்குப் பேர் வழக்கமா?

6/
இப்போ இருப்பது புதுச் சட்டம். தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. பழைய சட்டம் அதோடு போயிடுச்சு.

இதில் இரண்டு விஷயத்தை மனப்பாடம் பண்ணிக்கோங்க.

ஒண்ணு: வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் போகக் கூடாது.

ரெண்டு: காலி செய்த ஒரு மாசத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழிச்சுக்கிட்டு, மீதியைத் திருப்பித் தரணும்.

"அடுத்த ஆளு வந்தால்"னு ஒரு நிபந்தனை அதில் இல்லை.

7/
என் கோபம் வீட்டுக்காரர்கள் மேல் மட்டும் இல்லீங்க. சட்டத்தை எழுதினவங்க மேலும் உண்டு.

1960-ல் ஒரு மாசம்னு இருந்ததை மூணு மாசம் ஆக்கினாங்க. அதுக்கும் முன்னாடி "வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்"னு ஒரு ஓட்டை வெச்சாங்க. வீடு தேடி அலையறவர் கையில் பேனாவைக் கொடுத்து "பத்து மாசம்னு எழுதியிருக்கு, கையெழுத்துப் போடுறியா, இல்ல அடுத்த ஆளைப் பார்க்கட்டுமா"ன்னு கேட்டா, அது ரெண்டு பேர் சம்மதிச்சுப் போட்ட ஒப்பந்தமா? மயக்க ஊசி போட்டபிறகு நோயாளியிடம் சம்மதக் கையெழுத்து வாங்குற மாதிரி இருக்கு.

8/
அடுத்து, "பெயிண்டிங் சார்ஜ்." காலி பண்ணும்போது ஒரு மாச வாடகை கட். கேட்டா, "எல்லா இடத்துலயும் அப்படித்தான்."

அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படிங்க. யார் எதைப் பராமரிக்கணும்னு பட்டியல் இருக்கு. சுவருக்கு வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிக்கிறது வீட்டுக்காரர் பக்கத்தில். தண்ணி பைப் மாத்துறது, வயரிங் வேலையும் அவர் பக்கத்தில்தான். குழாய், வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கழிவு நீர்ப் பாதை சுத்தம் இதெல்லாம் நம்ம பக்கத்தில்.

அஞ்சு வருஷத்தில் சுண்ணாம்பு மங்கும். நீங்க குடியிருந்தாலும் மங்கும், பூட்டிக் கிடந்தாலும் மங்கும். அதுக்குத்தான் மாசாமாசம் வாடகை வாங்கினாங்க. ஒரே தேய்மானத்துக்கு வாடகையிலும் வாங்கி அட்வான்ஸிலும் பிடிச்சா ரெண்டு தடவை வசூல் ஆகாதா?

9/
நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு ஸ்பெஷல் பிடித்தம் இருக்கு. உப்புக்கறை. "பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் வெள்ளையாப் பூத்துப்போச்சு, குழாயெல்லாம் கெட்டுப்போச்சு, ஆறாயிரம் பிடிச்சுக்கிறேன்."

ஐயா, இது தர்மபுரி. போர் தண்ணியில் கால்சியமும் மக்னீசியமும் அதிகமா இருந்தா தண்ணி காயக் காயப் படிஞ்சு டைல்ஸ் வெளுக்கத்தான் செய்யும். தேய்ச்சுக் கழுவுறது குடியிருப்பவர் வேலை, சரி. ஆனா போருக்குள் இருக்கிற உப்பு அவர் கொண்டுவந்து கொட்டினதா?

10/
இன்னொண்ணும் சொல்றேன். நம்ம நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பேரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கு. 2013-ல் அந்தத் திட்டம் வந்ததே அதுக்காகத்தான். ஒரு லிட்டர் தண்ணியில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பல் உருவாகுற வயசில் அதுக்கு மேல் தொடர்ந்து குடிச்ச பிள்ளைக்குப் பல்லில் கறை விழும். அப்புறம் எவ்வளவு தேய்ச்சாலும் போகாது.

பல்லில் கறையோடு வர்ற பிள்ளையைப் பார்த்து "நீ ஒழுங்கா பல் விளக்கல"ன்னு சொல்ற டாக்டர் தப்பான டாக்டர். அதே தண்ணிக்கு டைல்ஸ் வெளுத்ததுக்குக் குடியிருந்தவர் காசைப் பிடிக்கிறதும் அதே மாதிரித் தப்புதான்.

11/
வீட்டுக்காரர் பிடிக்கக் கூடிய நியாயமான தொகைகளும் உண்டு. மறைக்க வேண்டாம்.

வாடகை பாக்கி. கட்டாத கரண்ட் பில். தண்ணி, மோட்டார் கட்டணத்தில் உங்க பங்கு. உடைஞ்ச கண்ணாடி, உடைஞ்ச வாஷ்பேசின், சுவரில் போட்ட பெரிய ஓட்டை.

இதைப் பிடிச்சா கேள்வி கேட்க முடியாது. ஆனா பில் கேட்கலாம். "மொத்தமா இருபதாயிரம் ஆகும்"னு வாயால் சொல்றது கணக்கு ஆகாது. எது உடைஞ்சது, யார் சரி பண்ணினது, எவ்வளவு ஆச்சு, எழுத்தில் வேணும்.

12/
"எல்லா வீட்டுக்காரரும் பணக்காரங்களா டாக்டர்? ஓய்வு பெற்ற வாத்தியார், விதவைப் பெண், ஒரே ஒரு வீட்டு வாடகையில் பிழைக்கிறவங்க இல்லையா?"

இருக்காங்க. கரண்ட் பில் கட்டாம ராத்திரியோட ராத்திரியா ஓடின வாடகைக்காரங்களும் இருக்காங்க. அதுக்குத்தான் அட்வான்ஸ்ங்கிற ஏற்பாடே. அதை நான் எதிர்க்கல.

ஆனா வாடகையில் பிழைப்பது வேற, அட்வான்ஸில் பிழைப்பது வேற. வாடகை வருமானம். அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டிய கடன். அதை பேங்கில் டெபாசிட்டா போட்டு வெச்சா வட்டியும் உங்களுக்கு, காலி பண்ற அன்னைக்குத் திருப்பித் தரப் பணமும் கையில். வயசான அம்மாவுக்கும் இது முடியும்.

13/
இவ்வளவு தெளிவா இருந்தும் ஏன் யாரும் கேட்கறதில்லை?

"பெரிய மனுஷன், அவர்கிட்ட எப்படிங்க." "நம்ம ஊர்க்காரர், மூஞ்சியில் முழிக்கணும்." "அடுத்த வீடு பார்க்கும்போது நம்மளைப் பத்தித் தப்பா சொல்லிட்டா?" மரியாதையும் பயமும் கலந்து வாயை அடைச்சிடுது.

எனக்குத் தெரிஞ்ச செவிலியர் ஒருத்தங்க, வேலை மாறுதலில் வேற ஊர் போனவங்க. ரெண்டு தடவை பஸ் ஏறி வந்து அட்வான்ஸ் கேட்டாங்க. கிடைச்ச பதில்: "பொம்பளை கிட்ட எல்லாம் காசு விவகாரம் பேச மாட்டேன், வீட்டு ஆம்பளையை வரச் சொல்லும்மா."

அட்வான்ஸ் வாங்கும்போது அந்தப் பொம்பளை கையில்தானே வாங்குனீங்க, ஐயா?

14/
கோபப்பட்டாச்சு. இனி வேலையைப் பார்ப்போம்.

குடி போகும்போது: அட்வான்ஸை பேங்க் வழியா, இல்ல ஜிபே, போன்பே வழியா மட்டும் அனுப்புங்க. ரொக்கமா கொடுத்தா கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்க. முதல் நாளே ஒவ்வொரு அறையும், பாத்ரூம் டைல்ஸும், குழாயும் வீடியோ எடுத்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிடுங்க.

ஒப்பந்தத்தில் "பெயிண்டிங் செலவு வாடகைதாரர்"னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா கையெழுத்துக்கு முன்னாடியே பேசி அடிச்சுடுங்க. அப்புறம் பேசிப் பயனில்லை.

15/
ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணுங்க. 11 மாசம்னு இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி பீரோவில் வெச்சா போதும்கிற காலம் முடிஞ்சது. இந்தச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் வேணும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாகணும். அரசு இதுக்குன்னு தனி இணையதளம் வெச்சிருக்கு. பதிவில்லாத காகிதத்தை வெச்சுக்கிட்டு இந்தச் சட்டத்தின் கீழ் வாதாடுறது கஷ்டம்.

16/
காலி பண்ணும்போது: எழுத்தில் முன்னறிவிப்பு. சாவியும் பணமும் ஒரே நாளில் கைமாறணும்னு அப்பவே பேசுங்க. கரண்ட் மீட்டர் போட்டோ, கடைசி பில் கட்டின ரசீது, காலி வீட்டு வீடியோ மூணும் வேணும். சாவி கொடுத்த தேதியை வாட்ஸ்அப்பில் பதிவு பண்ணுங்க. அந்தத் தேதியிலிருந்துதான் ஒரு மாசக் கெடு ஓடுது.

செய்யக் கூடாதது: "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க"ன்னு நீங்களா வாடகையை நிறுத்துறது. ரெண்டு மாச பாக்கி வீட்டை விட்டு வெளியேத்த ஒரு காரணம் ஆகும். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிச்சா மட்டும் கழிங்க. பணம் வரலைன்னு சாவியைப் பிடிச்சு வெச்சுக்கறதும் வேண்டாம், அந்த மாச வாடகையையும் உங்க தலையில் கட்டிடுவாங்க.

17/
ஒரு மாசம் ஆகியும் வரலையா? கெஞ்சுற போனை நிறுத்துங்க. ஒரு பக்கக் கடிதம் எழுதுங்க: எவ்வளவு கொடுத்தேன், எந்தத் தேதி காலி பண்ணினேன், எவ்வளவு வரணும், எத்தனை நாளில் வேணும். டெலிவரி ஆன சான்று கிடைக்கிற மாதிரி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்க. பல பேருக்குக் காகிதத்தில் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

அதுக்கும் அசையலைன்னா மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்கள், எஸ்சி எஸ்டி மக்கள், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவங்களுக்கு இலவச சட்ட உதவி. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. அந்தச் செவிலியருக்கு வீட்டு ஆம்பளை தேவையில்லை, இந்த அலுவலகம் போதும். 15100-க்கு போன் பண்ணியும் கேட்கலாம். வழக்குக்கு முன்னாடியே ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவாங்க. லோக் அதாலத்தில் முடிவானா அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

அங்கேயும் முடியலைன்னா வாடகை நீதிமன்றம். எந்த வழக்கு எங்கேன்னு அங்கிருக்கும் வழக்கறிஞரே சொல்வார். வருஷக்கணக்கா தள்ளிப் போடாதீங்க, பண வழக்குக்குப் பொதுவா மூணு வருஷம்தான் காலக்கெடு.

18/
வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பல பேர் என் நோயாளிகள்தான். சாவி வாங்கின அன்னைக்கே எண்ணிக் கொடுத்து, "நல்லா இருங்க"ன்னு அனுப்பி வைக்கிறவங்களும் உங்களில் இருக்காங்க. அவங்க வீடு ஒரு நாளும் காலியா கிடக்கறதில்லை.

மத்தவங்களுக்கு: நீங்க தள்ளிப் போடுற ஒவ்வொரு மாசமும் யாரோ ஒருத்தர் வீட்டில் நகை அடகில் கிடக்கு, யாரோ ஒருத்தர் மாத்திரை நிறுத்தியிருக்கார். உங்க காசுன்னா வெச்சுக்கோங்க. அது உங்க காசு இல்லைங்க.

19/
அட்வான்ஸ் மாட்டிக்கிட்டவங்க யாராச்சும் உங்க பக்கத்தில் கட்டாயம் இருப்பாங்க. அவங்களுக்கு இதை அனுப்புங்க. கேட்கறதில் வெட்கம் இல்லை. கொடுக்காம இருக்கறதில்தான் இருக்கு.


பொதுநல மருத்துவர், தர்மபுரி