வேந்தனுக்கு வெள்ளிப்பதக்கம்! வேர்வைக்கு?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் உள்ளது மண்டகப்பட்டு. அங்கே, பல்லவன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலில் ஒரு கல்வெட்டு. செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுண்ணம் இன்றி மும்மூர்த்திகட்கும் கோயில் கண்டவன் மன்னன் என்று பெருமை பேசுகிறது அது. உளி பிடித்தவன் பெயர்? ஓரெழுத்தும் இல்லை! கை காய்த்தவன் ஒருவன். கல்வெட்டில் இடம் பெற்றவன் காவலன்!

பதின்மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வழக்கம் ஒழிந்ததா? திரையுலகைப் பாருங்கள், தோழர்களே!

1960-இல் வெளிவந்தது ‘பாதை தெரியுது பார்’. தொழிலாளரின் வாழ்வையும் போராட்டத்தையும் பொருளாகக் கொண்ட படம். இயக்கியவர் நிமாய் கோஷ். நாடு பிளவுண்டபோது வீடிழந்த வங்க மக்களின் துயரை ‘சின்னமுள்’ படத்தில் காட்டியவர். கார்க்கியின் ‘தாய்’ நாவலைப் படமாக்கிய சோவியத் இயக்குநர் புதோவ்கின், அந்தச் ‘சின்னமுள்’ளைக் கண்டு பாராட்டினார். தமிழில் அவருடன் கைகோத்தவர் எம்.பி. சீனிவாசன், பின்னாளில் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கண்டவர். பாட்டெழுதியோருள் ஒருவர் ஜெயகாந்தன்.

அவ்வாண்டுக்கான தேசிய விருதில் இப்படத்திற்குக் கிடைத்தது நற்சான்றிதழ். வெள்ளிப்பதக்கம் எதற்கு? ‘பார்த்திபன் கனவு’க்கு! மகேந்திரவர்மன் மகன் நரசிம்மன் உலவும் அரச கதைக்கு! கல்லில் தந்தை, திரையில் தனயன், உழைப்பாளிக்கு ஒரு தாள்!

ஜெயகாந்தன் எழுதிய பாட்டை இன்றும் முணுமுணுப்போர் உண்டு. படத்தின் பெயரைக் கேட்டால் விழிப்போரே மிகுதி. பாட்டு வேண்டும், பாட்டாளி வேண்டாமோ?

“மக்கள் விரும்பவில்லை, நாம் என் செய்வது?” என்பர் வணிகர். எந்தப் படம் எந்தக் கொட்டகைக்கு வரவேண்டும், எத்தனை நாள் ஓடவேண்டும் என்று முடிவு செய்வது மக்களா, முதலாளியா? பரிமாறாத பண்டத்தைப் பசித்தவன் வெறுத்தான் என்பது பொய்யன்றோ!

“பாடுபட்டுக் களைத்தவன் பாட்டையே திரையிலும் காட்டலாமா?” என்பர் வேறு சிலர். களைத்தவனுக்குக் களிப்பு வேண்டும், மறுக்கவில்லை நாம். ஆனால், தன் கூலி ஏன் குறைந்தது என்று எண்ண விடாமல், மணிமுடியும் மாளிகையும் காட்டி மயக்குவதால் பயன் பெறுபவன் எவன்? புராணம் செய்த வேலையைப் புதுப்பூச்சுடன் படம் செய்கிறது, அவ்வளவே!

இளைஞர்களே! வகுப்பறையில் அரசர் வரிசையை ஒப்புவிக்கக் கற்றுத் தருகிறோம். உழைத்தோர் வரலாற்றை யார் கற்பிப்பது? படிப்பகந்தோறும் இப்படத்தைப் பேசுங்கள். நற்படி எங்கேனும் இருப்பின் தேடிக் கொணருங்கள், திரையிடுங்கள், விவாதியுங்கள். கல்லுடைப்போரும் கழனி உழுவோரும் முன்வரிசையில் அமரட்டும்! அவர்கள் பார்த்துத் தீர்ப்புரைக்கட்டும். அதன் பிறகு சொல்லுங்கள், மக்கள் விரும்பினரா இல்லையா என்று!