ஒரு சோறு பதமாகுமா?

2012/13ஆம் ஆண்டுக் குடும்ப வருமான செலவு ஆய்வின்படி, மன்னார் மாவட்டத்தில் வறியோர் நூற்றுக்கு 20.1 பேர். 2016ஆம் ஆண்டு ஆய்விலோ 1.0. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழும் மாவட்டத்தில், இருபதினாயிரம் வறியோர் சில ஆண்டுகளில் ஆயிரமாகினர் என்பதே இதன் பொருள். பள்ளிமுனைக் கரையில் வலை பொத்துவோரிடம் இதைச் சொன்னால் சிரிப்பர். ஆனால் சிரிப்புச் சாட்சியமாகாது என்பதைச் சட்டம் கற்ற நாம் அறிவோம். எனவே, எண்ணையே கூண்டில் ஏற்றுவோம்.

ஆய்வாளர் எல்லா வீடுகளுக்கும் செல்வதில்லை; மாதிரியாகச் சில வீடுகளையே எடுப்பர். அதில் குற்றமில்லை. விளக்கத்துக்காக 400 வீடுகள் எனக் கொள்வோம். அவற்றுள் 80 வறியன எனின் விகிதம் 20. வழு எல்லை இருபுறமும் ஏறத்தாழ 4. ஆகவே 16 முதல் 24 வரை என்பதே நேரிய விடை. இம்முறையில் நூறு மாதிரிகள் எடுப்பின், ஏறக்குறைய 95இல் கிடைக்கும் இடைவெளி உண்மையை உள்ளடக்கும். நான்கு வீடுகளே வறியன எனின், அந்த எளிய கணக்கு நம்பத்தக்கதன்று. 1927இல் எட்வின் வில்சன் வகுத்த முறைப்படி 0.4 முதல் 2.5 வரை வரும். ஆயிரம் என்பது நானூறாகவும் இருக்கலாம். இரண்டாயிரத்து ஐந்நூறாகவும் இருக்கலாம்!

ஆயினும் இவ்விரு இடைவெளிகளும் ஒன்றையொன்று தொடவில்லை. மாதிரியின் தற்செயல் மட்டுமே இவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்று வாதிடுவது நேர்மையன்று. போருக்குப் பின் மீளக் குடியேறியோர் ஓரளவு தலைநிமிர்ந்ததும் உண்மையே.

ஆனால் பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாவது, பானை முழுவதும் ஒரே நெருப்பில் வேகுவதால் அன்றோ? கட்டுக்கரைக்குளத்து வயலும் பள்ளிமுனைக் கடலும் ஒரே பானையல்ல. ஒரு குறிச்சியில் எடுத்த பத்து வீடுகள், ஒரே குடும்பத்திலிருந்து வந்த பத்துச் சாட்சிகள் போன்றவை; அவற்றால் இடைவெளி மேலும் விரியும். இனி, கோட்டைப் பாருங்கள். 2016இல் நாட்டின் வறுமைக்கோடு ஆளொருவருக்கு மாதம் 4,166 ரூபா. அதற்குமேல் ஒரு ரூபா செலவிட்டவரும் வறியரல்லர்! இந்தப் பிழையை எந்த இடைவெளியும் அளக்காது.

அடுத்த ஆய்வு வெளிவரும்போது, மாவட்ட எண்ணுக்கு அருகிலேயே மாதிரி வீடுகளின் தொகை, அவை எடுக்கப்பட்ட குறிச்சிகளின் தொகை, வழு எல்லை ஆகிய மூன்றும் அச்சிடப்படல் வேண்டும். தமிழிலும் அச்சிடப்படல் வேண்டும். அவையின்றி ஒற்றை எண்ணை நீட்டி நிவாரணத்தைக் குறைக்க முனைவோரை, மன்னார் மக்கள் இம்மூன்றையும் கேட்டே மறிக்கலாம்.