டிரைவர் எழுத கெர்னலுக்குள் போய்த்தான் ஆகணுமா?

ஒரு ஏடிசி கார்டிலிருந்து வோல்டேஜைப் படிக்க வேண்டும். சின்ன வேலைதான்: ஒரு ரெஜிஸ்டரில் 1 எழுதினால் அளக்க ஆரம்பிக்கும், இன்னொன்றைப் படித்தால் விடை. ஆனால் லினக்ஸில் இதற்கு வழக்கமான வழி, கெர்னலுக்குள் ஓடும் டிரைவர் எழுதுவது. அதில் ஒரு பாயின்டர் தவறினால் மொத்த கம்ப்யூட்டரும் படுத்துவிடலாம்!

2001-ல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் லினக்ஸ் கெர்னலை அலசியபோது, டிரைவர்களில் பிழை விகிதம் மற்ற பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்கு வரை அதிகமாக இருந்தது. இப்படிப்பட்டதை வெளியே, யூசர் ஸ்பேஸில், சாதாரண புரோகிராமாக ஓடவிடுவதுதானே நியாயம்? செத்தால் அது மட்டும் சாகும். 2005-ல் வந்த மினிக்ஸ் 3, செத்த டிரைவரை மறுபடி எழுப்பியும் விடும்.

லினக்ஸிலும் வழி இல்லாமல் இல்லை. 2007-ல் 2.6.23 பதிப்பில் யூஐஓ வந்தது. இன்டரப்டைக் கவனிக்க ஒரு குட்டி கெர்னல் மாட்யூல், அவ்வளவுதான். ரெஜிஸ்டர்களை எம்மேப் செய்து, மிச்சத்தை வெளியே எழுதி, ஜிடிபி வைத்து சாவகாசமாகப் பிழை தேடலாம்.

"ஆபத்து" என்பார்கள். உண்மைதான், டிஎம்ஏ உள்ள கார்டாக இருந்தால். ரெஜிஸ்டரில் தப்பான முகவரியைக் கொடுத்தால் கார்டு மெமரியில் எங்கு வேண்டுமானாலும் எழுதிவிடும். அதற்காகத்தான் ஐஓஎம்எம்யூ இருக்கிறது. அதை வைத்துக் காவல் போடும் விஎஃப்ஐஓ 2012-லேயே கெர்னலில் சேர்ந்துவிட்டது. டிஎம்ஏவே இல்லாத ஏடிசி கார்டுக்கும் கதவைச் சாத்துவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ராஸ்பெர்ரி பையைப் பார்க்கலாம். ஜிபிஐஓ ரெஜிஸ்டரை நேரடியாகத் தொட்டு ஒரு எல்இடியை மினுக்க, ரூட் ஆகி டெவ்-மெம் ஃபைலைத் திறப்பார்கள். அதாவது விளக்குப் போட வந்தவனிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது! 2015-ல் ஜிபிஐஓ-மெம் என்று தனி ஃபைல் வந்தது. அதில் ஜிபிஐஓ ரெஜிஸ்டர்கள் மட்டும்தான் தெரியும், ரூட்டும் வேண்டாம். கேட்பது இதைத்தான்: இப்படிச் சின்னச் சின்ன ஜன்னல்களை இன்னும் நிறைய சாதனங்களுக்கு கெர்னலே திறந்துவிட வேண்டும்.

பலரும் பங்கிடும் ஹார்டு டிஸ்க் போன்றவை உள்ளேயே இருக்கட்டும், அதில் சண்டையில்லை. ஒரு நிஜமான சிக்கல் மட்டும் பாக்கி. மெமரியை வழக்கமாக 4 கிலோபைட் பக்கமாகத்தான் பிரித்துக் கொடுக்க முடியும். இரண்டு சாதனங்களின் ரெஜிஸ்டர்கள் ஒரே பக்கத்தில் இருந்தால், ஒன்றைக் கொடுக்கும்போது மற்றதும் சேர்ந்தே போகும். இதை கெர்னல்காரர்கள் சரிசெய்ய முடியாது. சிப் வடிவமைப்பவர்கள்தான் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்க வேண்டும்.